பேத்திக்குச் சேனை வைத்தது

குடியை விட்டதற்காக எனக்கு யாரும் மாலை போடவில்லை. விட்டபிறகு மட்டன் சுக்கா மண்ணாங்கட்டியாக இருந்தது. மழை பெய்தால் குடையைப் பற்றி மட்டும் நினைத்தேன். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று போன் வந்தபோது, கேஸ் சிலிண்டர் வந்த செய்தி கேட்டவனைப் போல "சரி" என்றேன்.

செக்காலை ரோட்டில் ஒரு டாக்டர் விளக்கினார். சந்தோஷத்துக்கென்று மூளையில் சில ரசாயனங்கள் உண்டாம். இத்தனை வருஷம் குவார்ட்டரில் பழகிவிட்டதால், சாப்பாடு, பாட்டு போன்ற சில்லறை இன்பங்களை என் மூளை சட்டை செய்வதில்லையாம்.

"பச்சப்புள்ள நாக்குல இனிப்புத் தொட்டா, யாரும் சொல்லிக் குடுக்காமயே முகம் மலரும் சார். அந்த வேலைதான் உங்களுக்கு மந்தமா நடக்குது. திரும்பிரும். எப்பன்னு சொல்ல முடியாது."

"அப்ப மூளை ஸ்ட்ரைக்ல இருக்குன்னு சொல்லுங்க."

அவர் சிரித்தார். பிறர் சிரித்தால் முன்பெல்லாம் எனக்குப் பாதி போதை ஏறும். இப்போது அதுவும் இல்லை. இதை மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்தாள். பிள்ளையின் நாக்கில் முதலில் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை என்போம். வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. நர்ஸ் கூடாதென்று சொல்லித்தான் அனுப்பினாள். "ஒரு சொட்டுத்தான்" என்று மகளைச் சம்மதிக்க வைத்துவிட்டார் சம்பந்தியம்மா.

"அண்ணே வைக்கட்டும். ஊரையே சிரிக்க வைக்கிறவுக. புள்ளையும் கலகலன்னு இருக்கணும்ல."

"உங்க வீட்டுக்காரரு வைக்கட்டுமே."

"அவுகளா? கல்யாண போட்டாவுலயே சிரிக்கலையே அவுக!"

மனைவியை அடுப்படிக்குக் கூட்டிப்போனேன். "எங் கொணம் அதுக்கு வந்துறக் கூடாதுடி."

"குடிக்கிறப்ப வராத ரோசனையெல்லாம் இப்ப வருதாக்கும்? போயி வைங்க. அது மூஞ்சியப் பாத்தா ஒங்களுக்கே எல்லாம் திரும்பிரும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பேத்தி பிறந்தால் நான் பழையபடி ஆகிவிடுவேன் என்று அவள் மாதக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிச் சங்கில் விரலைத் தோய்த்து வைத்தேன். டாக்டர் சொன்னபடியே நடந்தது. உதடு சப்புக்கொட்டியது, கண் விரிந்தது, முகம் மலர்ந்தது. என் விரலைத் தேடி வாய் திரும்பியது. நான் எனக்குள் காத்திருந்தேன். எதுவும் அசையவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மொத சொட்டுலயே அடுத்த ரவுண்டு கேக்குறாளே! எங் கொணம் வந்துருச்சு."

வீடே சிரித்தது. சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி சிரிக்கவில்லை. பேத்தியையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்படியில் மெதுவாகக் கேட்டாள்: "வந்துச்சா?"

விரலில் மிச்சமிருந்ததை நக்கிப் பார்த்தேன். இனித்தது. நாக்கோடு சரி. அவளிடம் சொல்ல ஒரு ஜோக் தேடினேன், அகப்படவில்லை. இல்லையென்று தலையை ஆட்டினேன்.

அவள் சங்கைக் கழுவ ஆரம்பித்தாள். அவ்வளவு சின்னச் சங்கை அத்தனை நேரம் கழுவ வேண்டியதில்லை.