நான் சொன்ன ஒரு "ம்ம்"

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, சிதம்பரத்தில் ஆட்டிசக் குழந்தைகளுக்கான ஒரு சிறு மையத்தில் நான் வேலை பழகிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. என் அம்மா காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைப்பவர். கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

குழந்தைகளின் நடத்தையைக் கவனித்துப் பயிற்சி தருவது எங்கள் வேலை. படிப்பு முடிந்தால் மட்டும் போதாது. மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் இத்தனை மணி நேரம் என்று வேலை பார்த்து, அவர் கையெழுத்து வாங்கி, தேர்வும் எழுதிப் பதிவு எண் வந்த பிறகுதான் தனியாகப் பயிற்சி தரலாம். எனக்குக் கடைசி மாதக் கையெழுத்தும் தேர்வும் பாக்கி.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அக்கா தன் ஐந்து வயது மகளோடு வாரம் மூன்று நாள் பஸ்ஸில் வருவார். முதல் நாளே என்னை "டாக்டரம்மா" என்றார். நான் திருத்தவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டேன்.

ஒரு நாள் குழந்தை தூங்கி வழிந்தாள். எந்தப் படத்தைக் காட்டினாலும் தலை தொங்கியது. "இப்புடித் தூங்குனா எதுவும் கத்துக்க மாட்டாக்கா" என்று சலித்துக்கொண்டேன்.

"காலையில போடற வலிப்பு மாத்திரையாலதான் டாக்டரம்மா."

"ம்ம்" என்றேன்.

அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. போன் செய்தால், கடலூர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். என் மேற்பார்வையாளர் மேடமும் நானும் ஓடினோம். அக்கா காலை மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, நாங்கள் போனபோது கண் விழித்திருந்தாள்.

"யாரும்மா நிறுத்தச் சொன்னது?" என்றார் மேடம்.

"டாக்டரம்மாதான். தூங்குனா கத்துக்க மாட்டான்னாங்க. மாத்திரையாலன்னு நான் சொன்னதுக்கு ம்ம்னாங்க."

அதில் குற்றச்சாட்டே இல்லை. என்னை நம்பித்தான் சொன்னார். 'நான் நிறுத்தச் சொல்லவில்லையே' என்று நாக்கு நுனி வரை வந்தது. அது உண்மையும்கூட. பக்கத்தில் நின்ற மேடம்தான் எனக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர்.

"அக்கா, நான் டாக்டர் இல்ல. மாத்திரையப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் இன்னும் பரிச்சையே எழுதல. மொத நாளே சொல்லியிருக்கணும்" என்றேன்.

அக்கா என் அடையாள அட்டையைப் பார்த்தார். "அப்ப ஒன்ன என்னான்னுதான் கூப்புடறது?" என்றார். 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

மேடம் அந்த மாதத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை. மறுபடி ஒரு மாதம் வேலை பார்த்தேன். அதற்குள் அக்காவும் மகளோடு வரத் தொடங்கியிருந்தார். என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டார். பிறகு தேர்வு எழுதினேன், பதிவு எண்ணும் வந்தது.

முந்திரிக்கொட்டை உடைக்கும் இடத்தில் என் அம்மா இன்னமும் "எம்பொண்ணு டாக்டரு" என்றுதான் சொல்கிறார். இல்லம்மா என்றால், "சொன்னா என்னாடி இப்ப, கொறஞ்சா பூடுவ?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். புதிதாக வரும் ஒவ்வொரு தாயிடமும் நான் முதலில் சொல்வது, நான் டாக்டர் இல்லை என்பதைத்தான். பதிவு எண் தபாலில் வந்த நாள் வேறு. இந்த வேலைக்கு நான் தகுதியான நாள், அந்த அக்கா என்னை 'நீ' என்று கூப்பிட்ட நாள்தான் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.