சேமக்காலையில் வடக்குக் காற்று

றெஜினோல்ட் பேசாலைக் கடலில் மீன் பிடித்தவர். இப்போது மெல்பேர்னுக்கு வடக்கே புல் வெட்டுகிறார். கல்கல்லோவைத் தாண்டினால் வெறும் சமவெளி. வீடு கட்டக் காத்திருக்கும் காணிகள், கைவிட்ட மேய்ச்சல் நிலங்கள், இடையிடையே கருங்கற்கள். கோடை வருமுன் புல்லை வெட்டாவிட்டால் தண்டம் என்று நகரசபை கடிதம் போடும். காணிக்காரர்கள் பதறிக்கொண்டு அவருடைய முதலாளிக்குப் போன் எடுப்பார்கள். முதலாளி இவரை ட்ராக்டரில் ஏற்றி அனுப்புவார்.

குளிர்காலத்தில் நல்ல மழை பெய்தால் ஊரே சந்தோசப்படும், இவர் மட்டும் படமாட்டார். மழை பெய்தால் புல் நெஞ்சளவுக்கு எழும்பும். பிறகு ஒக்ரோபர் கடைசியில் உள்நாட்டிலிருந்து வடக்குக் காற்று இரண்டு நாள் அடித்தால் போதும், அவ்வளவும் வைக்கோல்தான். வசந்தகாலம் என்று நாங்கள் பூக்களைப் படமெடுத்து முகநூலில் போடும் அதே கிழமையில் அவர் ஒரு புல்தண்டைப் பிடுங்கி முறித்துப் பார்ப்பார். வளைந்தால் இன்னும் சில நாள் இருக்கிறது என்று அர்த்தம். டக்கென்று முறிந்தால் அன்றைக்கு வேலையில்லை. வெட்டும் தகடு கல்லில் பட்டு ஒரு பொறி பறந்தால் பக்கத்து ஊர்வரை எரியும் என்பார். முதுகில் மாட்டுகிற தண்ணீர்ப் பம்பி எப்போதும் அவருடைய வாகனத்தில் கிடக்கும்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அகதியாகப் படகில் வந்தவர் அவர். மனைவி பற்றிமாவையும் நாலு வயது மகள் றொசானாவையும் விட்டுவிட்டு வந்தார். இன்றைக்கும் பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிக விசாதான். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. கடந்த மார்ச்சில் பற்றிமா சிறுநீரக நோயில் இறந்தார். அடக்கத்தை றெஜினோல்ட் போனில் பார்த்தார். நான் அன்று பக்கத்தில் இருந்தேன். நாலு தரம் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் நாலையும் குடித்தார்.

அதன் பிறகு அவர் எதிர்பார்த்திருந்த ஒரே நாள் நவம்பர் இரண்டு, சகல ஆத்துமாக்களின் திருநாள். அன்றைக்குச் சேமக்காலைக்குப் போய், அங்கே அடக்கம் பண்ணிய அவரவர் ஆட்களின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவோம். கல்லறை வேறு நாட்டில் இருப்பவர்கள் நடுவில் உள்ள பெரிய சிலுவையடியில் கொளுத்துவார்கள். பற்றிமா இறந்து வருகிற முதல் திருநாள். செத்தவீட்டுக்குப் போகாத புருசன் இதையாவது செய்ய வேண்டும் என்று அவர் நினைத்தார். செப்ரெம்பரிலேயே ஒரு முழ நீளத்தில் மெழுகுதிரி வாங்கிவிட்டார். வெயிலில் வளைந்துவிடும் என்று அதைக் குளிர்பெட்டியில் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

திருநாள் ஞாயிற்றுக்கிழமை. சனி மத்தியானம் அறிவிப்பு வந்தது. நாளைக்கு முப்பத்தைந்து பாகை, பலத்த வடக்குக் காற்று, முழுமையான நெருப்புத் தடை. வெளியில் ஒரு நெருப்புக்குச்சிகூடக் கிழிக்கக் கூடாது.

எங்கள் தமிழ்க் கத்தோலிக்கச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். உடனே போனில் கூட்டம் வைத்தோம். பற்றரியில் எரிகிற மெழுகுதிரி கடைகளில் இருக்கிறதே, அதை வைப்போமா என்று கேட்டேன்.

“ஆத்துமாவுக்குப் பற்றரியோ?” என்றார் ஜெசிந்தா அன்ரி. எழுபது வயது. சங்கத்தில் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவர் எவருமில்லை. கடைசியில் வாட்ஸ்அப்பில், ‘மெழுகுதிரி விடயத்தில் அவரவர் மனச்சாட்சிப்படி நடக்கவும்’ என்று போட்டேன். இதைவிடக் கோழைத்தனமான வசனத்தை நான் வாழ்க்கையில் எழுதியதில்லை.

மனச்சாட்சிப்படி எல்லோரும் மெழுகுதிரியோடு வந்தார்கள்.

அந்தச் சேமக்காலை சின்னது. கம்பிவேலி, வேலிக்கு வெளியே அடிவானம்வரை மஞ்சள் புல், தெற்கே நாலு வீடு. உள்ளே எங்களுடைய ஆட்களின் கல்லறைகள் ஒன்பது. காற்றுக்கு மறைப்பாகச் சனம் ஜாம் போத்தல்களும் தகர ரின்களும் கொண்டுவந்திருந்தது. எங்கள் ஆட்களுக்குப் புத்தியில்லை என்று சொல்ல முடியாது, அதைப் பாவிக்கிற இடம்தான் பிழை. பங்குச் சுவாமி செபத்தைத் தொடங்கியபோது ஐம்பது மெழுகுதிரியாவது எரிந்தது.

றெஜினோல்ட் வேலியோரம் நின்றார். கையில் தாளில் சுற்றிய மெழுகுதிரி. அதைக் கொளுத்தவில்லை. குனிந்து ஒரு புல்தண்டைப் பிடுங்கி முறித்தார். பிறகு மெழுகுதிரியை இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டு வாகனத்தடிக்குப் போனார். தண்ணீர்ப் பம்பியை முதுகில் மாட்டியபடி அவர் திரும்பி வரவும், மூலைக் கல்லறையில் ஒரு ரின் சரியவும் சரியாக இருந்தது. பிளாஸ்ரிக் மலர்வளையம் பற்றியது. அதிலிருந்து ஒரு துண்டு பறந்து வேலியடிப் புல்லில் விழுந்தது. சிரட்டையளவு நெருப்பு பாயளவாவதற்கு நாலைந்து விநாடிதான் எடுத்தது. அவர் ஓடிப்போய்த் தண்ணீர் அடித்தார். காற்று வேலிக்கு வெளியே தள்ளுவதற்குள் நெருப்பு நூர்ந்து அணைந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. வாளியில் தண்ணீர் எடுத்து, விரல்களை நனைத்து, ஒவ்வொரு திரியாக நூர்க்கத் தொடங்கினார். ஒவ்வொரு கல்லறையிலும் பெயரை வாசித்து, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்று சொன்னார்.

தன் கணவரின் கல்லறைக்கு முன்னால் ஜெசிந்தா அன்ரி மறித்துக்கொண்டு நின்றார். “தம்பி, வருசத்தில ஒருநாள். உமக்கு இஞ்ச ஆர் கிடக்கினம், எங்கட வேதனை விளங்க?”

றெஜினோல்ட் கோபிக்கவில்லை.

“எனக்கு இஞ்ச ஒருத்தருமில்லை அன்ரி. அந்தப் பக்கம் நாலு வீடு தெரியுதெல்லோ, அதில பிள்ளையள் இருக்கினம். தள்ளி நில்லுங்கோ.”

அன்ரி தள்ளி நின்றார். அவர் நூர்த்தார்.

சிலுவையடியில் கடைசித் திரியை நூர்த்து முடித்தபோது அவருடைய போன் அடித்தது. மகள் றொசானா. பதினேழு வயது. பேசாலையில் அப்போது காலை ஒன்பது மணி, பூசை முடிந்து சேமக்காலைக்கு வந்திருந்தாள். போன் திரையில் அவளுக்குப் பின்னால் மழை தெரிந்தது.

“அப்பா, இஞ்ச விடியத் துடங்கின மழை. அம்மாவின்ர மெழுகுதிரி நிக்குதில்லை, கொளுத்தக் கொளுத்த நூந்துபோகுது. நீங்களாவது அங்க கொளுத்திப்போட்டீங்கள்தானே?”

அவர் ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பிழையென்று அங்கே நின்ற ஒருவரும் நினைத்திருக்க மாட்டோம்.

“இல்லை மோள். இஞ்ச இண்டைக்குக் கொளுத்த ஏலாது. காய்ஞ்சுபோய்க் கிடக்கு.”

றொசானா போனைக் கல்லறைப் பக்கம் திருப்பி, நனைந்த மெழுகுதிரியைக் காட்டினாள்.

“அப்ப அம்மாவுக்கு ஒருத்தரும் கொளுத்தேல்லையோ?”

றெஜினோல்டின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

“குடை வச்சிருக்கிறியோ?” என்று கேட்டார். “குடையைக் கல்லறையில முட்டக் குத்திப் பிடி. குனிஞ்சிரு. திரியை முதல் உன்ர சட்டையில துடை. இப்ப இன்னொருக்காக் கொளுத்து. அவசரப்படாத, நான் நிக்கிறன்.”

முதல் குச்சி நனைந்திருந்தது. இரண்டாவது பற்றி அணைந்தது. மூன்றாவதில் திரி பிடித்தது. போன் திரையில் குடைக்குக் கீழே ஒரு சின்ன மஞ்சள் சுடர் சாய்ந்து சாய்ந்து ஆடியது.

வடக்குக் காற்று எங்கள் எல்லோருடைய கண்ணிலும் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. றெஜினோல்ட் அதற்கு முதுகைக் காட்டிக் குந்தி, போனை நெஞ்சோடு அணைத்து, அந்தச் சுடர் நூர்ந்துவிடாமல் திரையைச் சுற்றி உள்ளங்கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.