சமையலறையில் ஒரு குழி, அதில் ஒரு பம்ப்

வீட்டுக்குள் வந்த தண்ணீரை வெளியே போகச் சொல்வதுதான் என் தொழில். அது ஒரு பேச்சில் கேட்டுக்கொள்ளாது என்பதால் இருபது வருஷமாக எனக்குப் பிழைப்பு ஓடுகிறது. பினாங்கில் தாழ்வான வீட்டில் குடியிருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஒரு அடுக்கு தார் ஏறும். சாலை ஏற ஏற நம் வீடு இறங்கும். ஒருநாள் வாசலில் நின்று பார்த்தால் தெருவில் போகிற மோட்டார்சைக்கிளின் சக்கரம் நம் முழங்காலுக்கு நேராக இருக்கும். அதற்குப் பிறகு மேகம் கறுத்தாலே சாமான்களை மேலே ஏற்றத் தோன்றும். எனக்கும் அப்படித்தான், நானும் உங்கள் ஜாதி.

எத்தனையோ வீடுகளில் குழி தோண்டி பம்ப் இறக்கியிருக்கிறேன். என்னை நின்று யோசிக்க வைத்தது ஒரே வீடுதான். இடையில் ஒரு கடையும் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

டைல்ஸை உடைத்த நாள்

புஷ்பா அக்கா வீடு சுங்கை பினாங்கில் ஒரு முட்டுச்சந்தில், கடைசிக்கு முந்தின வீடு. அக்காவுக்கு அறுபது வயது. வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். ஒரே மகள் கவிதா, கட்டிக்கொடுத்து புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா விஷயம் மொத்தத்தையும் சொல்லிவிட்டார். போன மழையில் கட்டில் கால்வரை தண்ணீர். மகள் வந்து பார்த்துவிட்டு அழுதாளாம். இனி ஒரு தடவை உள்ளே தண்ணீர் வந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிட வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டாளாம். அக்காவும் சரி என்று கொடுத்துவிட்டார். மகள் தங்கம், மருமகனும் நல்லவர்தான். ஆனால் அங்கே போனால் தனக்கென்று ஒரு அடுப்பு இருக்காது, தனக்கென்று ஒரு சாவி இருக்காது என்றார். ஆகவே என் பம்ப் வேலை செய்தால் அக்கா இங்கே, செய்யாவிட்டால் அங்கே. இந்த மாதிரிப் பாரத்தை யாரும் என் தலையில் வைத்ததில்லை.

வீட்டிலேயே தாழ்வான மூலை சமையலறை. அங்கே டைல்ஸை உடைத்து, ஓட்டை போட்ட டிரம் ஒன்றைப் புதைத்து, அதற்குள் பம்ப்பை வைப்பேன், தண்ணீர் ஏறினால் ஃப்ளோட் என்கிற மிதவை மேலே போய் சுவிட்சைத் தட்டும், பம்ப் தானாகவே ஓடும், குழாய் வழியாக வாசல் லோங்காங் சாக்கடையில் கொட்டிவிடும் என்றேன். டைல்ஸை உடைப்பது என்றால் எல்லாரும் முகம் சுளிப்பார்கள். அக்கா எழுந்து அடுப்பைத் தானே நகர்த்தினார். இரண்டடி தோண்டியிருப்பேன். நாலு நாளாக மழையே இல்லை, ஆனாலும் அடியிலிருந்து தண்ணீர் ஊறி வந்தது. தெளிவாக, சில்லென்று, சத்தமே இல்லாமல். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு வீடே தண்ணீர் மேல் உட்கார்ந்திருப்பதை நேரில் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். அக்கா குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இத்தன வருஷமா இதுக்கு மேலயா தம்பி நான் தோச சுட்டேன்?"

உப்புக் கரித்த தண்ணீர்

அதே மாதம் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடை பாய் கூப்பிட்டார். பகல் பன்னிரண்டு மணி, மண்டையைப் பிளக்கிற வெயில், கடையின் பின்கட்டில் கணுக்கால் தண்ணீர். ஏதோ குழாய்தான் வெடித்திருக்கிறது என்று ஒரு மணி நேரம் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தேன். பாய் சேலைக் கட்டுகளை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு, நாற்காலியில் சம்மணம் போட்டு என்னையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில், விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார் என்றார். வைத்தேன். உப்பு.

கடல் ஏறும்போது லோங்காங் வழியாகத் திரும்பி கடைக்குள்ளேயே வந்துவிடுகிறது. எந்த நாள், எத்தனை மணிக்கு ஏறும் என்று அச்சடித்த தாள் ஒன்றைப் பாய் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தாளில் போட்டிருந்த நேரத்துக்குத் தண்ணீர் நின்றது, அப்படியே பின்வாங்கிப் போனது. எங்கேயோ இருக்கிற நிலா இந்த மூலையில் கிடக்கிற கைலிக் கட்டுவரை கையை நீட்டுகிறது என்றால் சும்மாவா! பாய் என் தோளில் தட்டிச் சொன்னார்: "நீ மேலயே பாத்துக்கிட்டு இருக்க தம்பி. இந்தத் தெருவுக்குத் தண்ணி கீழேருந்து வரும்லா."

அந்தத் தாளை நகலெடுத்து, ஒன்றை என் வேனிலும் ஒன்றை புஷ்பா அக்கா வீட்டு ஐஸ்பெட்டியிலும் ஒட்டினேன்.

பதினாலு வினாடி

அக்கா வெள்ளிக்கிழமைதோறும் குழிக்குள் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, பம்ப் அதை எத்தனை வினாடியில் வெளியேற்றுகிறது என்று கடிகாரம் பார்ப்பார். ஒருநாள் போன் செய்து, எப்போதும் பதினொன்று, இன்றைக்குப் பதினாலு என்றார். மூன்று வினாடியில் என்னக்கா முழுகிப்போகும் என்று சிரித்தேன். வந்து பார் என்றார். போய் பம்ப்பைத் தூக்கினால், தண்ணீர் உறிஞ்சுகிற வாயில் வெங்காயத் தோலும் ஒரு பிளாஸ்டிக் பை கிழிசலும் சுற்றிக்கிடந்தன. அப்படியே விட்டிருந்தால் அடுத்த மழையில் மோட்டார் கருகியிருக்கும். நானாக இருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டேன், சத்தியமாகச் சொல்கிறேன். எப்படிக்கா என்றேன். எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சரக்கைச் சோதிக்கிற வேலை பார்த்தவர் அவர். "இருபத்தாறு வருஷம் குத்தம் கண்டுபிடிக்கத்தான் சம்பளம் வாங்கினேன் தம்பி" என்றார்.

பம்ப்புக்கு மாலை

அப்படிப்பட்ட அக்காவும் ஒரு தடவை கோட்டை விட்டார். சரஸ்வதி பூஜைக்கு நாம் கார், மோட்டார்சைக்கிள், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம் இல்லையா? வீட்டைக் காப்பாற்றுகிற பம்ப்பை மட்டும் எப்படி விடுவது என்று, குழிக்குள் இறங்கி அதற்கும் பொட்டு வைத்து, சாமந்தி மாலையைச் சுற்றிவிட்டார். மாலை போய் ஃப்ளோட்டை வளைத்துக் கட்டிவிட்டது. மறுநாள் மழை. தண்ணீர் ஏறுகிறது, ஃப்ளோட் ஏறவில்லை, பம்ப் பேசாமல் கிடக்கிறது.

அக்கா போன் செய்தபோது தண்ணீர் தரைக்கு ஒரு விரல் கீழே. நான் வருகிறவரை அது காத்திருக்காது. போனிலேயே, கரண்டை அணைத்துவிட்டுக் குழிக்குள் கைவிட்டு ஃப்ளோட்டைத் தடவிப் பாருங்கள் என்றேன். பூவாக வருகிறது தம்பி என்றார். அறுத்து எறிந்துவிட்டு சுவிட்சைப் போட்டதும் பம்ப் ஓடுகிற சத்தம் போனில் கேட்டது, எனக்கு உயிர் வந்தது. அப்புறம் நேரில் போய் நன்றாகச் சத்தம் போட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு அக்கா சொன்னார்: "கும்பிட்டது தப்பில்ல தம்பி. நகருற இடத்துல கட்டுனதுதான் தப்பு."

பச்சை உடம்பு

ஒருநாள் காலை பத்து மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வேனில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். பெரிய கடலேற்றம், பகல் ஒன்றே காலுக்கு. மழையும் கடலும் சேர்ந்து வருகிற நாள். வேறு வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு நேராகச் சுங்கை பினாங் போனேன். வேனை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து அக்கா வீட்டை அடைந்தபோது மணி பதினொன்றே முக்கால்.

வாசலில் தடுப்புப் பலகை. உள்ளே பம்ப் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. தரை காய்ந்து கிடந்தது, பாய் விரித்துப் படுக்கலாம். வெளியே அவ்வளவு தண்ணீர், உள்ளே ஒரு சொட்டு இல்லை. நான் செய்த வேலையைப் பார்த்து எனக்கே புல்லரித்தது. அக்கா, மகளுக்குக் கொடுத்த வாக்கு இந்த மழைக்கு உங்களைக் கட்டாது, நீங்கள் இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை என்றேன். அக்கா முகத்தில் சிரிப்பில்லை. என்னை ஜன்னலுக்குக் கூட்டிப்போய்ப் பார்க்கச் சொன்னார்.

என் குழாய் லோங்காங்கில் கொட்டுகிறது. லோங்காங் நிரம்பி வழிகிறது. சந்து அடுத்த வீட்டுப் பக்கம் சரிவு. ஆகவே நாங்கள் வெளியேற்றுகிற ஒவ்வொரு வாளியும் நேராகப் பக்கத்து வீட்டு வாசற்படியில் போய் மோதுகிறது. அது ஃபரிதா வீடு. பிள்ளை பெற்று இருபது நாள்தான். வீட்டுக்காரர் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். நாற்பது நாளைக்குக் குளிர்ந்த தண்ணீரில் கை வைக்கக்கூட நம் வீடுகளில் விட மாட்டார்கள். அந்தப் பெண் வாசலில் தண்ணீருக்குள் நின்று துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். உள்ளே பிள்ளை அழுகிற சத்தம். இருபது வருஷமாகக் குழாயை லோங்காங்கில் விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன். அது நிரம்பினால் தண்ணீர் யார் வீட்டுக்குப் போகும் என்று ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

ஃபரிதாவை இங்கே கூட்டிவந்துவிடலாம் என்றேன். அக்கா கூப்பிட்டுப் பார்த்துவிட்டாராம். இந்தத் தண்ணீரில் பச்சைப்பிள்ளையோடு இறங்க அவளுக்குப் பயம். குழாயை மெயின் ரோட்டுப் பெரிய வாய்க்கால் பக்கம் திருப்ப வேனில் பத்தடி ஹோஸ்தான் இருந்தது, போக வேண்டிய தூரம் நூறடி. கடல் எப்போது திரும்பும் என்று அக்கா கேட்டார். இன்னும் ஒன்றரை மணி நேரம் என்றேன். அதுவரை பம்ப்பை அணைத்து வைத்தால் என்ன ஆகும் என்றார். குழியைப் பார்த்து, கணுக்கால்வரை உள்ளே வரும் என்றேன். பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தவர் மாதிரித் தலையாட்டிவிட்டு அரிசி டின்னையும் அடுப்பையும் மேசைமேல் ஏற்றினார். நான் ஐஸ்பெட்டிக்குச் செங்கல் வைத்தேன். மகளுக்குக் கொடுத்த வாக்கை ஞாபகப்படுத்தினேன், இரண்டு முறை. அக்கா சுவிட்சை அணைத்தார். அதிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "என் வீடு காயுறதுக்கு ஒரு பச்ச ஒடம்புக்காரி கால் நனையணுமா?"

காலிப் பெட்டிகளோடு வந்த மகள்

ஃபரிதா வீட்டு வாசற்படியில் தண்ணீர் அதோடு நின்றது. அவள் துடைப்பத்தை வைத்துவிட்டுப் பிள்ளையிடம் போனாள். அக்கா வீட்டுக்குள் நான் சொன்ன கணக்குப்படியே கணுக்கால்வரை ஏறி, சாயங்காலம் வடிந்தது.

மறுநாள் பம்ப்பைச் சோதிக்கப் போயிருந்தேன். கவிதா காரில் காலிப் பெட்டிகளோடு வந்து இறங்கினாள். தண்ணீர் வந்துவிட்டது, வந்து கூட்டிப்போ என்று அக்காவே போன் செய்திருக்கிறார். காரணம் சொல்லவில்லை. ஒரு பையைக் கட்டி வைத்துவிட்டு, சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கவிதா சுவரில் இருந்த சேற்றுக் கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இதுதான் நீங்கள் போட்ட பம்ப்பின் லட்சணமா என்று கேட்டாள். அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினார், சொல்லாதே என்று. எனக்கு அதெல்லாம் முடியாது. ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன்.

கவிதா நேராகச் சமையலறைக்குப் போனாள். ஒரு வாளி தண்ணீரைக் குழிக்குள் ஊற்றி, பம்ப் ஓடுவதைத் தானே பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனாள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அம்மா கட்டி வைத்த பையைத் தூக்கிக் கட்டில்மேல் போட்டுவிட்டு, துடைப்பத்தை எடுத்துச் சேற்றைத் தள்ள ஆரம்பித்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "நான் சொன்னது தானா வந்த தண்ணிக்கும்மா. நீயா உள்ள விட்ட தண்ணி கணக்குல வராது."

அந்த வாரமே குழாயை நூறடி நீட்டி மெயின் ரோட்டுப் பெரிய வாய்க்காலில் விட்டு, ஃபரிதா வீட்டிலும் ஒரு குழி தோண்டிவிட்டேன். ஆக, தண்ணீரை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தள்ளிவிடுகிற பம்ப் என்னிடம் உண்டு, ஆனால் சுங்கை பினாங்கில் இப்படி ஒரு அக்காவை அரை அங்குலம் நகர்த்துகிற பம்ப்பை இன்னும் எந்தக் கம்பெனிக்காரனும் செய்து விற்கவில்லை.