பூஜ்யம் நாள் வயது

கதவைத் தட்டுவதற்கு முன்பு அவர் கொடியில் காயும் துணிகளைத்தான் பார்ப்பார். பள்ளிச் சீருடை ஒன்று, அளவு மாறிய ஆண் சட்டை இரண்டு, சேலை இரண்டு, கைக்குழந்தையின் துண்டுத்துணி ஒன்று. உள்ளே போய்க் கேட்டால், "நாங்க நாலே பேருதான்" என்பார்கள். "வாய் நாலுன்னு சொல்லுது, கொடி ஆறுன்னு சொல்லுதே?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். வேலையில்லாத கொழுந்தனும், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட நாத்தனாரும் அப்புறம் ஒவ்வொருவராகக் கணக்கில் ஏறுவார்கள்.

தெருக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'தலையெண்ணி அக்கா'. புள்ளிவிவரத் துறையில் இருபத்திரண்டு வருடமாகக் களப்பணியாளர். இன்றுவரை தற்காலிகம். கையில் எப்போதும் குடை உண்டு. அது வெயிலுக்கு அல்ல, நாய்க்கு. தையல்காரரான அவருடைய கணவர், "ஊர்ல உள்ள தலையெல்லாம் எண்ணுறா. வீட்டுல ஒரு தலை பசியோட உக்காந்திருக்கு, அது மட்டும் கண்ணுல படாது" என்பார்.

படிவத்தில் ஒரு கேள்வியை மட்டும் அவர் கடைசிக்குத் தள்ளிவைப்பார். கடந்த ஐந்து வருடத்தில் பிறந்து இறந்துபோன குழந்தை உண்டா? எந்தத் தாயும் முதலில் இல்லை என்றுதான் சொல்வாள். இவர் பேனாவை மூடிவிடுவார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். "பேனா திறந்திருந்தா வாய் திறக்காது" என்பது அவர் அனுபவம். சற்று நேரத்தில், "ஒண்ணு இருந்துச்சுக்கா… காலைல பொறந்துச்சு, பொழுது சாயுறதுக்குள்ள போயிடுச்சு" என்று மெல்ல வரும். தாளில் 'வயது: பூஜ்யம் நாள்' என்று எழுதுவார். தாள் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொள்ளும்.

பிறகு அந்தத் திட்டம் வந்தது. நாட்டின் புள்ளிவிவரத்தைப் பலப்படுத்த ஏழு நாடுகள் சேர்ந்து கைகொடுத்தன. குளிரூட்டிய மண்டபத்தில் மூன்று நாள் பயிற்சி. வெளிநாட்டு நிபுணர் மிக மரியாதையானவர். களப்பணியாளர்கள் எல்லோருக்கும் எழுந்து நின்று கைகொடுத்தார். ஆளுக்கு ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். ஒரு வீட்டுக்கு முப்பத்தைந்து நிமிடம். அதற்கு மேல் போனால் தலைமை அலுவலகத் திரையில் அந்தப் பணியாளரின் பெயர் சிவப்பாகும். தண்ணீர் வாங்கிக் குடிக்கும் நேரத்தை அதில் யாரும் சேர்க்கவில்லை. முதல் வாரமே அக்காவின் பெயர் சிவந்துவிட்டது.

இரண்டாம் வாரம் வேறொரு சிவப்பு வந்தது. பிறந்த தேதியும் இறந்த தேதியும் ஒன்றாக இருந்தால், 'பிழை. தேதியைச் சரிபார்க்கவும்' என்று டேப்லெட் நின்றுகொண்டது. முன்னே போகவில்லை. அக்கா மேற்பார்வையாளருக்கு போன் செய்தார்.

"அதுக்கென்னக்கா, இறந்த தேதியை ஒரு நாள் தள்ளிப் போட்டுடுங்க."

"செத்ததை நாளைக்குத் தள்ளிப் போட நான் யாரு தம்பி?"

"அப்போ அந்தக் குழந்தையையே எடுத்துடுங்க. படிவம் முடிஞ்சாப் போதும். மத்தவங்க எல்லாம் அதைத்தான் பண்றாங்க."

பொய் எழுத அவருக்குக் கை வரவில்லை. குழந்தையை அழித்துவிட்டு, வீட்டு எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அப்படி அந்த நோட்டில் பதினேழு குழந்தைகள் சேர்ந்தன.

பதினெட்டாவது குழந்தையின் தாய்க்கு இருபது வயதுகூட இருக்காது. பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழிக்கும் பொத்தானுக்கு விரல் போனதும் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அழிச்சிடாதீங்கக்கா. வேற எங்கேயும் அதை எழுதல."

அக்கா இறந்த தேதியை ஒரு நாள் தள்ளிப் போட்டார். திரை பச்சையானது. அந்தப் பிள்ளை ஒரு நாள் கூடுதலாக வாழ்ந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் போனார். நிபுணர் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். முக்கியமான விஷயம், அடுத்த கட்டத்தில் சரிசெய்வோம் என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்லி, நோட்டைப் படமும் எடுத்துக்கொண்டார். அடுத்த கட்டம் வரவில்லை. திட்டக்காலம் முடிந்து ஏழு நாட்டுக்காரர்களும் ஊர் திரும்பினார்கள். பளபளவென்று அறிக்கை வந்தது. பச்சிளங்குழந்தை இறப்பு பாதியாகக் குறைந்திருந்தது. நிறைவு விழாவுக்குச் சிவப்புப் பெயர்க்காரர்களை அழைக்கவில்லை.

அறிக்கையை அக்கா அலுவலக மேசையில் நின்றபடியே படித்தார். தன் வட்டாரத்துப் பட்டியலில் விரல் வைத்துத் தேடினார். நோட்டில் உள்ளபடி எழுதிவைத்த பதினேழும் அதில் இல்லை. அவர் பொய் எழுதிய ஒன்று மட்டும் இருந்தது.

இறப்பு குறைந்த இடத்தில் எதற்கு ஆள் என்று மேலிடம் யோசித்தது. அறிக்கை வந்த ஏழாவது மாதம், அக்காவின் வட்டாரத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டைப் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிட்டார்கள். இரண்டு நர்சுகளுக்கும் மாற்றல். கதவில் பூட்டு. பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

"ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினேன்னு நெனச்சேன். பூட்டைத்தான் அழுத்தியிருக்கேன்" என்று கணவரிடம் சொன்னார். அவர் தையல் மிஷினை நிறுத்தினார்.

இந்த வருடம் புதுத் திட்டம். வேறு நாடுகள், வேறு டேப்லெட், கழுத்தில் மாட்டிக்கொள்ளப் புது அடையாள அட்டை. அதில் வரிசையாக அந்த நாடுகளின் கொடிகள், கீழே அக்காவின் படம். பட்டியலில் அதே தெரு வந்தது. பதினெட்டாவது குழந்தையின் தாய் கதவைத் திறந்தாள். நிறைமாதம். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"நீங்க எழுதிட்டுப் போனதைப் பத்தி எங்க அத்தைகிட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன்கா. இவ்வளவு விசாரிக்கிறாங்களே, நமக்கு ஏதாவது நல்லது பண்ணுவாங்கன்னு. இப்போ வார்டையே மூடிட்டாங்க. வலி வந்தா நான் எங்க போவேன்? ஏன்கா மூடினாங்க, உங்களுக்குத் தெரியுமா?"

அக்கா உட்காரவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையைப் பிடித்து, கொடிகளும் படமும் நெஞ்சுப் பக்கம் போகும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார்.