கார்பன் ஒட்டுகிறவன் கருத்துச் சொல்லக் கூடாது

வண்டிக்கு கார்பன் ஃபைபர் ஸ்டிக்கர் ஒட்டுகிற தொழிலில் கஷ்டமானது ஒட்டுவது இல்லை, ஒட்டி முடித்ததும் "எப்படிடே இருக்கு?" என்று வாடிக்கையாளர் கேட்பதுதான். அன்றைக்கும் ஒருவர் கேட்டார். "நல்லா இல்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். பானெட்டுக்கு அந்தப் பக்கம் அவர் முறைக்கிறார், இந்தப் பக்கம் என் முதலாளி முறைக்கிறார், நடுவில் நான் ஸ்டிக்கரைச் சூடாக்கும் ஹீட் கன்னோடு நிற்கிறேன்.

இதே வேலையில் இருக்கிறவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் பானெட்டுக்குப் பெயிண்ட் அடிக்காமல் விட்டிருப்பார்கள். கறுப்பு நூலில் சாய்வாக நெய்த துணி மாதிரித் தெரியும். அதுதான் கார்பன். கோவில்பட்டி பைபாஸில் நாங்கள் ஒட்டுவது அந்த நெசவை அச்சடித்த பிளாஸ்டிக் ஃபிலிம். பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன் நான். வேறு வேலை தெரியாது. இந்த வேலை போனால் அப்பா என்னை மறுபடியும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்.

வெள்ளைக் கார்

முறைத்த வாடிக்கையாளர் கடலை மிட்டாய் கம்பெனி வைத்திருக்கிறார். புது வெள்ளைக் கார். மேற்கூரையும் சைடு மிரர் மூடியும் மட்டும் போதும் என்று முதலிலேயே சொன்னேன். கேட்கவில்லை. பானெட், நான்கு கதவு, டிக்கி, எல்லாவற்றிலும் கார்பன். வெள்ளை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கார்பன் கொஞ்சமாக இருந்தால்தான் கண் அங்கே போகும். காரே கார்பனாகிவிட்டால் கண் எங்கே போகும்?

"பாதி எரிஞ்ச காரு மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்று காரணத்தையும் சொன்னேன். முதலாளி என் காலை மிதித்தார். கடலை மிட்டாய்க்காரர் காரை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பெருமூச்சு விட்டார். "எம் பொண்டாட்டியும் இதத்தாம்லே சொன்னா. அவகிட்ட இருந்து தப்பிச்சுதானே இங்கன வந்தேன்!"

தையல்காரர் கண்

அடுத்து ஒரு தையல்காரர், பழைய சிவப்புக் காரோடு வந்தார். ரோலில் ஃபிலிம் போதவில்லை. மிச்சத் துண்டைக் குறுக்கே திருப்பிப் பானெட்டின் வலது ஓரத்தில் ஒட்டினேன். நிழலில் ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் நிறுத்தினால் இடது பக்கம் மின்னுகிறது, வலது பக்கம் தூங்குகிறது. நெசவின் சாய்வு அங்கே வேறு திசையில் ஓடுகிறது. "யாருக்கும் தெரியாதுலே, தெரிஞ்சா டிசைன்னு சொல்லு" என்றார் முதலாளி.

தையல்காரர் குத்தவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "தம்பி, கட்டம் போட்ட சட்டைல பைல மட்டும் கட்டம் தனியா ஓடுனா நான் பிரிச்சுத் திரும்பத் தைப்பேன். இது என்ன?"

"தப்பு அண்ணாச்சி. நான்தான் திருப்பி ஒட்டிட்டேன்." முழுவதையும் உரித்து, புது ரோலில் மறுபடி ஒட்டிக் கொடுத்தேன். அவர் சந்தோஷமாகப் போனார். எனக்கும் திருப்திதான். முதலாளி மட்டும் கேட்டார்: "நீ வேலைக்கு வந்தியா, வாக்குமூலம் குடுக்க வந்தியாலே?"

ஆட்டு வண்டி

குறை சொல்ல மட்டும்தான் எனக்குத் தெரியும் என்று நினைக்காதீர்கள். கழுகுமலைப் பக்கத்திலிருந்து ஆடு வளர்க்கிற ஒருவர் தன் குட்டி லாரியைக் கொண்டுவந்தார். முன்பக்கம் முழுக்க கார்பன் வேண்டுமாம். ஆடிக் காற்றுத் தூசி வேறு. ஷட்டரைப் பாதி இறக்கி, தரையில் தண்ணீர் தெளித்துத்தான் ஒட்ட முடிந்தது. ஒரு துளி கரிசல் மண் அடியில் போனாலும் ஃபிலிமில் பரு கிளம்பிவிடும்.

முடித்துவிட்டுப் பார்த்தால், சத்தியமாக, நான் ஒட்டியதிலேயே அழகான வண்டி அதுதான். மங்கின மஞ்சள் உடம்பு, கறுப்பு மூஞ்சி. "சூப்பரா இருக்கு அண்ணாச்சி" என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து முதலாளி அவசரமாக மன்னிப்புக் கேட்டார். ஒரு வாரம் கழித்து ஆட்டுக்காரர் போன் செய்தார். "எனக்குப் பிடிச்சிருக்கு தம்பி. ஆடுகதான் ஏற மாட்டேங்கு, வேற எவன் வண்டியோன்னு நெனைக்கு."

நிஜம் வந்த நாள்

ஒரு மத்தியானம் நிஜமான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கடை முன்னால் நின்றது. நிஜமான கார்பன் பானெட். ஓட்டி வந்த சார் பெங்களூரிலிருந்து திருவனந்தபுரம் போகிறார். நான் அந்த பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடப்பக்க நெசவும் வலப்பக்க நெசவும் நடுக்கோட்டில் ஒரு நூல் பிசகாமல் சேர்ந்து அம்பு முனை மாதிரி முன்னால் ஓடியது. கண்ணாடித் தண்ணீருக்குள் துணி கிடக்கிற மாதிரி ஆழம். ஒரு மூலையில் மட்டும் வெயில் பட்டு மஞ்சள் பூத்திருந்தது. அந்த இடத்தை மறைக்க ஃபிலிம் ஒட்டித் தர முடியுமா என்று கேட்டார்.

முதலாளி என்னை உள்ளே இழுத்துப் போனார். அந்தக் காருக்கு ஃபிலிம் ஒட்டி, போட்டோ எடுத்து, கடை போர்டில் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. "ஒரிஜினலுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாதுன்னு சொல்லு. ஒட்டு. வேற ஒரு வார்த்தை பேசுன, அவ்வளவுதான்."

சாம்பிள் துண்டை எடுத்துப்போய் பானெட்டில் வைத்தேன். பட்டுச் சேலைக்குப் பக்கத்தில் பட்டுச் சேலையின் ஜெராக்ஸை வைத்த மாதிரி இருந்தது. வேலை போகும் என்று தெரியும். அப்பா முகமும் ஞாபகம் வந்தது. ஆனால் அந்த நடுக்கோட்டைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"ஒட்டாதீங்க சார். மேல இருக்க பூச்சுதான் மஞ்சளாயிருக்கு, நூலு நல்லா இருக்கு. பூச்சத் தேய்ச்செடுத்துட்டுப் புதுசா பூசச் சொல்லுங்க. அந்த வேலை எங்களுக்கு வராது."

அவர் சாம்பிளையும் பானெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்தார். போகும்போது முதலாளியிடம் சொன்னார்: "உங்க கடையில ஒரிஜினல் இந்தப் பையன் ஒருத்தன்தான் சார்."

கார் கண்ணிலிருந்து மறைந்ததும், நாளையிலிருந்து கடைப் பக்கம் தலையைக் காட்டக் கூடாது என்று முதலாளி தெளிவாகத்தான் சொன்னார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதே கடையில் நான் ஒரு ஜீப்பின் சைடு மிரர் மூடிக்கு, முதலாளிக்கு எந்தக் காலத்திலும் சுருக்கம் விழாமல் வராத அந்த வளைவில், ஃபிலிம் இழுத்துக்கொண்டிருந்தேன்.