எட்டுக் கோல் வாங்கிய வாரம்

எங்கள் வீட்டில் ஒரு வாரம் முழுக்க ஏழுக்கு அடுத்து ஒன்பதுதான் வந்தது. மாமாவின் உத்தரவு. எட்டு என்று வாயைத் திறந்தவன் திடலை மூன்று சுற்று ஓட வேண்டும். “மணி எட்டாச்சு, இன்னும் குளிக்கலயா?” என்று கேட்ட அம்மாவைக்கூட மாமா முறைத்துப் பார்த்தார். அவருக்கு அம்மா சொந்த அக்கா என்பதால் அம்மா ஓடவில்லை, கரண்டியைத்தான் எடுத்தார்.

அந்த எட்டுக்குக் காரணம் நான். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புப் பையன்களின் காற்பந்துக் குழுவுக்குப் பதினொரு வயதில் நான்தான் கோல்கீப்பர். திறமைக்காக வந்த பதவி அல்ல. ஓடினால் எனக்கு மூச்சு வாங்கும், ஆகவே ஓட வேண்டாத இடத்தில் நிறுத்திவிட்டார்கள். என்னைவிட ஒரு வயது மூத்த அண்ணன் எனக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுவான், கேப்டனும் அவன்தான். தொழிற்சாலை ஆட்களை வேனில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த மாமா எங்கள் பயிற்சியாளர்.

முதல் ஆட்டம் கேரி தீவுப் பையன்களோடு. பத்தாவது நிமிடத்தில் அண்ணன் பந்தை என்னிடம் திருப்பி அடித்தான். அது வேகமாக, குதித்துக் குதித்து, என் இடது பக்கமாக வந்தது. நான் குனிந்து கையை நீட்டினேன். நம் ஆள் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக்கூடாது என்ற விதி சரியாக அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது. கையை இழுத்துக்கொண்டேன். காலைச் சேர்க்க மறந்துவிட்டேன். பந்து இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து, யாரையும் தொந்தரவு செய்யாமல் உள்ளே போய் நின்றது. அதற்குப் பிறகு எங்களில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பந்து மட்டும் இன்னும் ஏழு தடவை என்னைத் தேடி வந்தது.

திரும்புவதற்கு வேனில் ஏறினோம். கடைசி இருக்கையில் யாரோ ஒருவன் மூக்கை உறிஞ்சினான். பிறகு அங்கிருந்தே ஒரு குரல் வந்தது.

“அங்கிள், அடுத்த கேம்ல வேற கீப்பர் போடுங்க லா.”

வேறு கீப்பர் இருந்தான். என்னைவிட ஒரு முழம் உயரம். புதுக் கையுறை வேறு வைத்திருந்தான். அவன் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தான். அடுத்த வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“டேய், அவனுங்க எஸ்டேட்டு முழுக்க செம்பனைடா! பந்துல அந்தப் பன எண்ணெய தடவிட்டு வந்துட்டானுங்க. வழுக்காம என்ன செய்யும்?”

ஒருவன் சிரித்தான். பிறகு வேனே சிரித்தது. அழுதவன்கூட மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். என்னைப் பார்த்துச் சிரிக்கிறவன் என்னைத் துரத்தமாட்டான் என்ற பெரிய உண்மையை அன்று கண்டுபிடித்தேன். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வாரம் நான் நட்சத்திரம். எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் மாலைதோறும் எட்டுக் கோலையும் வரிசையாக நடித்துக் காட்டினேன். மாமாவுக்குப் பயந்து எட்டாவதை ‘ஒன்பதாவது’ என்று அறிவித்தேன். அதிகம் கைதட்டல் வாங்கியது முதல் கோல்தான். மறுபடியும் காட்டச் சொல்வார்கள். கையை நீட்டுவேன், இழுப்பேன், பின்னால் திரும்பித் திருதிருவென்று விழிப்பேன். அந்த இடம் வரும்போதெல்லாம் அண்ணன் எழுந்து படியேறிவிடுவான். தம்பியால் அவனுக்கு அவமானம் என்று நினைத்தேன். ஒரு நாள் பள்ளிக்கு நடக்கும்போது, “டேய், அந்த மொத கோல்ல...” என்று அவனே ஆரம்பித்தான். திட்டப் போகிறான் என்று பயந்து நடுரோட்டிலேயே காலை விரித்துக் காட்டினேன். அவன் பேச்சை விட்டுவிட்டான்.

அடுத்த ஆட்டம் சாலாக் செலாத்தான் பையன்களோடு. அவர்களும் கேரி தீவிடம் தோற்றவர்கள்தான். எங்களில் ஜெயிப்பவர் அடுத்த சுற்றுக்கு, தோற்பவர் வீட்டுக்கு. கிளம்பும் முன் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஒரே ஒரு கோல் உள்ள போகட்டும், ஒன்ன வெளிய எடுத்துருவேன். அப்புறம் அழக்கூடாது.”

இதற்கு என்னிடம் ஜோக் இல்லை.

வழியில் போலீஸ் வேனை நிறுத்தியது. மாமா அந்த எண்ணின் மேலிருந்த வெறுப்பில் வேனின் நம்பர் பிளேட்டில் இருந்த எட்டின் மேலும் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். ஏன் மறைத்தாய் என்று போலீஸ்காரர் மலாயில் கேட்டார். மாமா எட்டுக் கோல் கதையை முழுதாகச் சொன்னார். எதிரணி எது, கீப்பர் யார் என்பது உட்பட. போலீஸ்காரர் உள்ளே எட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டேப்பைக் கிழிக்கச் சொன்னார். கிழிந்த டேப்புக்கு அடியிலிருந்து எட்டு முன்னைவிடப் பளபளவென்று வெளியே வந்தது.

தாமதமாகப் போய்ச் சேர்ந்து, ஒரு தடவைகூடப் பந்தைத் தொட்டுப் பார்க்காமல் களத்தில் இறங்கினோம். எங்கள் ஆட்கள் கண்ணாடிமேல் நடப்பதுபோல் ஆடினார்கள். பந்து வந்தால் போதும், எங்கேயாவது அடித்துத் தொலைத்தார்கள். என்னிடம் மட்டும் தரவில்லை. “குடுடா, குடு!” என்று கத்தினேன். ஒருவனும் திரும்பவில்லை. மூன்று பந்துகளை நானே தடுத்தேன். ஒன்று கையால், ஒன்று வயிற்றால், ஒன்று பயத்தில் திரும்பிக்கொண்டபோது முதுகால். இரண்டாம் பாதியில் எங்கள் பையன் ஒருவனின் முழங்காலில் பட்டுப் பந்து எதிரணியின் கோலுக்குள் விழுந்தது. எங்களுக்கு ஒன்று, அவர்களுக்குப் பூஜ்யம். கோட்டுக்கு வெளியே அந்த உயரப் பையன் கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக நின்றான்.

கடைசி நிமிடம். பந்து அண்ணனின் காலுக்கு வந்தது. எதிரணியில் இரண்டு பேர் அவனை நோக்கி ஓடிவந்தார்கள்.

“வெளிய அடிடா! வெளிய!” மாமா அலறினார்.

பக்கத்திலேயே கோடு. தட்டிவிட்டால் போதும். அண்ணன் பந்தைக் காலுக்கடியில் நிறுத்தினான். திரும்பி என்னைப் பார்த்தான். எனக்குப் புரிந்துவிட்டது. தலையை வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினேன். அவன் அடித்தான்.

பந்து தரையோடு தரையாக, மெதுவாக, என் வலது காலுக்கு நேராக வந்தது. அதன் பின்னாலேயே அந்த இரண்டு பேரும். “அய்யோ!” என்று மாமாவின் குரல். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவற்றை நான் நம்பவில்லை. கண்ணை மூடினேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஓங்கி உதைத்தேன். பந்து மேலே போய், கோணலாகச் சுழன்று, கோட்டைத் தாண்டி, மாமாவின் வேன் கூரைமேல் டமார் என்று விழுந்து அந்தப் பக்கம் உருண்டது. அதை எடுத்துக்கொண்டு வருவதற்குள் விசில் ஊதிவிட்டது.

எல்லாரும் என்மேல் விழுந்தார்கள். மாமா மட்டும் நேராக அண்ணனிடம் போய் முதுகில் ஒன்று வைத்தார். “பைத்தியமாடா ஒனக்கு? லைன் பக்கத்துலயே இருக்கு, கீப்பருக்குக் குடுக்குற!” அண்ணன் குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

வேனில் ஏறும்போது நானும் விடவில்லை. “ஏன்டா அண்ணே, என்னைய மறுபடியும் மாட்டிவிடப் பாத்தியா?”

அவன் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான். “இந்தத் தடவ ஒழுங்கா குடுத்தேன்ல?”

நான் கேட்டதற்கு இது எப்படிப் பதிலாகும் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. வேன் கிளம்பியிருந்தது, கூட்டம் காத்திருந்தது. நடுவில் எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டி, கண்ணை மூடி, உதைத்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வாரத்தில் முதல் முறையாக அண்ணனும் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

என் நடிப்பு ரொம்பத்தான் தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.