மீன் தின்ற படம்

பேத்தியின் கல்யாணப் படத்துக்காக இன்று ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தபோது உள்ளறையிலிருந்து வந்த, படம் கழுவும் மருந்து வாடை, எப்போதோ இடிந்து மண்மூடிப்போன எங்கள் தாமிரபரணிப் படித்துறைக்கே என்னை இழுத்துப் போய்விட்டது.

பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா அப்போதுதான் படம் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தார். அந்நாளில் ஃபிலிமுக்குப் பதிலாக இருந்த கண்ணாடித் தகட்டில் ஒரு வாரம் தலை வெட்டுப்படும், மறுவாரம் எல்லாமே இருட்டாகும், அம்மாவும் சலிக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் உட்காருவாள். ஒருநாள் அவள் முகம் அச்சு அசலாக விழுந்துவிட்டது. மருந்து போக ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, அப்பா அந்தத் தகட்டைப் பனைநார்க் கூடையில் வைத்து ஆற்றில் இறக்கினார். திரும்பி வந்து பார்த்தால், தகட்டில் பூசி, படம் பதிந்திருந்த பசையை மீன்குஞ்சுகள் கொத்தித் தின்றிருந்தன. சேலை இருந்தது, கை இருந்தது, முகம் இல்லை.

“இதுக்கா மொகம் வாடுதிய? மீனுக்குப் பசிச்சிருக்கும். இன்னொண்ணு எடுத்தாப் போச்சு,” என்று அம்மா சிரித்தாள்.

அடுத்த தகடு பட்டணத்திலிருந்து வருவதற்குள் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அப்பா பிறகு தொட்டியில் அலசப் பழகி ஊரையே அழகாகப் படம் பிடித்தார். நானோ படித்துறையில் காலை நனைத்தபடி உட்கார்ந்திருப்பேன். மீன்குஞ்சுகள் வந்து கொத்தும், கூசும், ஆனாலும் காலை எடுக்க மாட்டேன். அம்மாவின் முகம் அவற்றிடம்தானே இருந்தது.